கோடைக்கானலுக்கு ஒரு மோட்டார் யாத்திரை

சங்கீத ரசிகர்கள் இருவர் சந்தித்தால் நேற்றுக் கேட்ட கச்சேரியைப் பற்றிப் பேசுவார்கள். விவசாயிகள் இருவர் சந்தித்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். மோட்டார் வண்டிச் சொந்தக்காரர்கள் இருவர் சந்தித்தால் என்ன பேசுவார்கள் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "உங்கள் வண்டி லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது?" என்பது முதற் கேள்வி. "டயர் எத்தனை வருஷம் தாங்கிற்று?" என்பது இரண்டாவது. "இன்ஷ்யூரன்ஸ் எவ்வளவு கட்டினீர்கள்?" என்பது மூன்றாவது. நான்காவது கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்திக் கொண்டு கேட்பார்கள்: "இதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கலாமா?"

தமிழ்நாட்டுக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழையது. 1903-ஆம் ஆண்டிலேயே சென்னை ஸிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் வண்டி ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் ஆரம்பித்த ஸ்தாபனம் தென்னாட்டு ஜனங்களுக்குப் பஸ் என்பது மணிப்படி வரக்கூடிய வஸ்து என்பதைக் கற்றுக் கொடுத்தது. 1948-இல், சுதந்திரத்தின் ஈரம் காய்வதற்கு முன்பே, எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றிற்று. அந்தக் காலத்தில் மோட்டார் என்பது ஜமீன்தார் வீட்டு வாசலிலும் பாரிஸ்டர் வீட்டு வாசலிலும் நின்ற அலங்காரம். இன்றோ, பள்ளிக்கூட உபாத்தியாயரும் பாங்கி குமாஸ்தாவும் தவணையில் வாங்கி வாசலில் நிறுத்தி, பண்டிகைக்கு மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். எலுமிச்சம்பழத்துக்கு அப்பால் அந்த வண்டிக்கு வேறு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் அபிப்பிராயங்கள் பல விதமாயிருக்கின்றன.

சென்ற மாசி மாதத்தில் நமது நண்பர் ஒருவர் குடும்பத்துடன் சென்னையிலிருந்து கோடைக்கானலுக்குத் தம் வண்டியிலேயே போவதென்று தீர்மானித்து நம்மையும் அழைத்தார். வண்டி எட்டு வயதானது. அதை விற்றுவிட்டுப் பெரிய வண்டியாக வாங்கும் யோசனை அவருக்கு இருந்தது. "நீண்ட பிரயாணம் ஒன்று போய்ப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்" என்றார். ஆகவே இந்த யாத்திரைக்கு மலை பார்ப்பது ஒரு நோக்கம். நாற்சக்கர உறுப்பினர் ஒருவருக்குப் பரீட்சை வைப்பது மற்றொரு நோக்கம்.

புறப்படுவதற்கு முன்

"ஏண்டா, வண்டிக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்று நண்பரின் தாயார் விடியற்காலையில் கேட்டார். அம்மாளின் பிறந்த வீட்டில் வில்வண்டி இருந்தது. மாட்டுக்குச் சொல்லும் வார்த்தையை மோட்டாருக்குச் சொன்னதைக் கேட்டுக் குழந்தைகள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நூற்றுக்கு நூறு சரியானது.

நீண்ட பிரயாணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை ஐந்து. எந்திர எண்ணெய், குளிர்விக்கும் திரவம், பிரேக் திரவம், பாட்டரி, டயர். எண்ணெயைச் சமதரையில் வண்டியை நிறுத்தி, எந்திரம் ஓய்ந்து சில நிமிஷங்கள் சென்ற பிறகு, அளவுக் குச்சியை ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவது தாராளம் ஆகாது, தவறு ஆகும். ரேடியேட்டரின் மூடியை எந்திரம் சூடாயிருக்கும்போது திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர். மூடி திறந்த க்ஷணத்தில் முகத்தில் பாயும். குறைந்ததை நிரப்பக் குழாய்த் தண்ணீரும் உதவாது. சென்னை நகரத்துக் கிணற்று நீரின் உப்பு குடத்தில் படிவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் அது அப்படியே படியும். வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலண்டும் வடித்த நீருமே வேண்டும்.

டயர் விஷயம் தனி அத்தியாயம். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஒரு சிறு அட்டவணை ஒட்டியிருக்கும். சாதாரணச் சுமைக்கு எவ்வளவு காற்று, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று இரண்டு கணக்கு அதில் உண்டு. அநேகர் அதை ஒரு தடவையும் படித்ததில்லை. காற்றுப் பிடிக்கும் பையன் என்ன வைக்கிறானோ அதுவே அவர்களுடைய அட்டவணை. காற்றைக் குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் சில பவுண்டு கூடுவது இயற்கை, அதைப் பார்த்து "அதிகமாயிருக்கிறதே!" என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் பசியோடு நிற்கும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குக் காற்று அதிகமாயிருப்பதே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் காற்றுக் குறைந்த டயர்தான் பக்கவாட்டில் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து, சூடேறி, கடைசியில் கிழிகிறது.

"சாதாரணக் காற்றா, நைட்ரஜனா?" என்பது மோட்டார்காரர்களிடையே தீராத விவாதம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மீதிக்காக மெனக்கெட வேண்டியதில்லை. எந்தக் காற்றானாலும் மாதம் இரு முறை அளந்தால் சரி.

டயரின் வயதைத் தெரிந்து கொள்ளவும் வழி உண்டு. பக்கத்தில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு வட்டத்துக்குள் அச்சாகியிருக்கும். 2321 என்று இருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். பள்ளங்களுக்கு நடுவே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். நண்பரின் வண்டியில் பின் டயர் ஒன்று இந்த நிலைக்கு வந்திருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் புதியது போட்டார். திருவொற்றியூரில் 1946-ஆம் ஆண்டு கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகையிலிருந்து வளர்ந்த எம். ஆர். எஃப். தொழிற்சாலையின் டயர் அது. பலூனிலிருந்து டயருக்கு வந்த கதை, நம் நாட்டுக் கைத்தொழிலின் கதையும் ஆகும்.

தென் பெருஞ்சாலை

தாம்பரம் தாண்டியதும் சாலை விரிகிறது. வண்டலூரிலிருந்து செங்கற்பட்டு வரையில் இரு பக்கமும் மோட்டார்த் தொழிலின் வரலாறு கிடக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளைச் செய்த தொழிற்சாலை இந்தப் பக்கந்தான் இருந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி இலட்சக்கணக்கில் வண்டிகள் செய்து, 2022-இல் வண்டி உற்பத்தியை நிறுத்திற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் தொழிற்சாலை 1998-இல் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பிற்று. கம்பெனிகள் வருகின்றன, போகின்றன. செய்யும் கைகள் மட்டும் நமது கைகளாகவே இருந்து வருகின்றன. "இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லா தேசத்து வண்டியையும் பூட்டத் தெரிந்தவர்கள்" என்றார் நண்பர். "பூட்டத் தெரிந்தவர்களுக்கு ஓட்டத் தெரிந்தால் இன்னும் நன்றாயிருக்கும்" என்றார் அவர் மனைவி. அப்பொழுது ஒரு மோட்டார் சைக்கிள் எதிர்த் திசையில், நம் பாதையிலேயே, முகப்பு விளக்கை எரியவிட்டுக் கொண்டு, தவறு செய்கிறோம் என்ற உணர்ச்சி அணுவளவும் இன்றி வந்து கொண்டிருந்தது.

பரனூர்ச் சுங்கச் சாவடியில் வரிசை நகர்ந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம். 2025 ஆகஸ்டு 15 முதல், சொந்த உபயோக வண்டிகளுக்குத் தேசிய நெடுஞ்சாலைகளில் ஓர் ஆண்டு அல்லது 200 தடவை என்று 3,000 ரூபாய்க்கு வருஷாந்தர அனுமதி ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. வருஷத்தில் ஒரே முறை ஊருக்குப் போகிறவருக்கு அது நஷ்டம். மாதம் ஒரு முறை போகிறவருக்கு லாபம். கணக்குப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டாலோ விபத்து நேர்ந்தாலோ 1033 என்ற எண்ணைக் கூப்பிடலாம் என்பதை மட்டும் எல்லாரும் மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும்.

கொளவாய் ஏரியில் காலை வெயில் தகதகவென்று மின்னிற்று. பாலாற்றுப் பாலத்தின் கீழே பாலும் இல்லை, ஆறும் இல்லை. மணல் மட்டும் நீளக் கிடந்தது. மதுராந்தகம் ஏரியின் கரையைக் கண்டதும் அம்மாள் கை கூப்பினார். 1798-ஆம் ஆண்டுப் பெருமழையில் கரை உடையாமல் ராமரும் லக்ஷ்மணரும் வில்லேந்திக் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையே கண்டதாக இங்கே ஐதிகம். ஏரி காத்த ராமர் என்று அதனாலேயே பெயர். "ஏரியைக் காத்தவர் ரோட்டில் போகிறவர்களையும் காப்பாற்றட்டும்" என்றார் அம்மாள்.

அம்மாளைப் பின்னாசனத்தில் பெல்ட் போட்டுக் கொள்ளச் செய்வதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. "தேருக்குத்தான் வடம், எனக்கு ஏனடா கயிறு?" என்றார். பின்னாசனத்திலும் பெல்ட் சட்டப்படி கட்டாயம் என்று சொன்னோம்; பலிக்கவில்லை. "அம்மா, வண்டி சடக்கென்று நின்றால் வண்டிதான் நிற்கும், உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னே போவார்கள். நீங்கள் வந்து என் முதுகில் மோதினால் எனக்கும் அடிபடும்" என்றார் மகன். மகனுக்கு அடிபடும் என்றதும் மறு பேச்சில்லாமல் கட்டிக் கொண்டார். தாய்மார்களைச் சம்மதிக்க வைக்க இந்த வழியை மற்றவர்களும் கையாளலாம்.

திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை எல்லாம் பலகைகளாக வந்து பின்னால் போயின. நல்ல சாலையின் குறை இதுதான். ஊர்களைப் பார்க்க விடுவதில்லை. காலை நீட்டச் சொல்லும் சாலையில் வேகத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்லுகிறோம். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 80 வீதம் போனால் 4 மணி 8 நிமிஷம் ஆகும். 100 வீதம் போனால் 3 மணி 18 நிமிஷம். லாபம் 50 நிமிஷம். ஆனால் 80-இலிருந்து 100-க்குப் போகும்போது, பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பெட்ரோலும் கூடக் குடிக்கிறது. நூறில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் தாண்டுகிறது. கைப்பேசியை ஒரு வினாடி குனிந்து பார்ப்பவர் 28 மீட்டர் கண்ணை மூடிக் கொண்டு ஓட்டுகிறார் என்று அர்த்தம். சாலை நடுத்திட்டில் இடைவெளி விட்டிருக்கும் இடந்தோறும் ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஆடுகளும், பால் கொண்டு போகிற சைக்கிள்காரரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குறுக்கே கடந்தாக வேண்டும். அவர்களுக்கு முன்னால் இந்த 50 நிமிஷம் பெரிய சொத்தல்ல.

பெரம்பலூருக்கு முன்னால் பெட்ரோல் போட நின்றோம். அதிகாலையில் போட்டால் அளவு கூடக் கிடைக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பெட்ரோல் தரைக்கடியில் தொட்டியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் பகலுக்கும் வெப்பம் மாறுவது மிகச் சொற்பம். அதைவிட, போடத் தொடங்குமுன் கருவியில் சூன்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதே பிரயோஜனம். அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இன்னொரு கேள்வி, பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலப்பதைப் பற்றியது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் லிட்டருக்குப் போகும் தூரம் சற்றுக் குறையத்தான் செய்யும். பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களையும் அடைப்பான்களையும் அடிக்கடி பார்த்துக் கொள்ள வேண்டும். மறு பக்கத்தில், நமது தேசம் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது என்பதையும் நினைக்க வேண்டும். இரண்டாவது மகா யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது மரக்கரி வாயுவில் நம் பஸ்கள் ஓடின. அதற்கான கருவியை மதுரையில் டி. வி. எஸ். ஸ்தாபனமே செய்து கொடுத்தது. முட்டுப்பாட்டில் வழி கண்டுபிடிப்பது நமக்குப் புதிதல்ல.

மணப்பாறையில் ஓர் ஆணி

கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டி, மலைக்கோட்டையைத் தூரத்திலிருந்தே சேவித்துவிட்டு, திண்டுக்கல் சாலையில் திரும்பினோம். மணப்பாறையில் முறுக்கு வாங்க இறங்கியபோது முன் டயரில் ஓர் ஆணி பளபளப்பதை நண்பரின் பையன் கண்டுபிடித்தான். பிடுங்கப் போனவனை நண்பர் தடுத்தார். டியூப் இல்லாத டயரில் ஆணியே தற்காலிக அடைப்பு. பிடுங்கினால்தான் காற்று ஓடும். மெதுவாக ஓட்டிக் கொண்டு பஞ்சர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டு, "ஸ்டெப்னியிலே காத்து இருக்கா, ஸார்?" என்று கேட்டார். பார்த்தால் பாதிதான் இருந்தது. உபரிச் சக்கரத்துக்கு நாம் வழங்கும் ஸ்டெப்னி என்ற பெயர், வேல்ஸ் தேசத்து லனெல்லி ஊரில் ஸ்டெப்னி வீதியில் அதைச் செய்து விற்ற கம்பெனியால் வந்தது. இங்கிலீஷ்காரர்களே மறந்துவிட்ட அந்த வார்த்தையை நம் பஞ்சர் கடைகள் வாழ வைத்திருக்கின்றன. பெயரை வாழ வைக்கிறோம். அதற்குள் காற்று வைக்கத்தான் மறந்து போகிறோம்!

மணப்பாறை மாட்டுச் சந்தை பெயர் போனது. அங்கே மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பழைய மோட்டார் வாங்குகிறவர்களும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஓடிய கிலோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பிரேக் மிதியும் ஸ்டியரிங் சக்கரமும் ஓட்டுநர் ஆசனமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எந்திரம் ஆறிக் கிடக்கும்போது கிளப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் பாங்கியின் கடன் குறிப்பு இன்னும் இருக்கிறதா, அபராதப் பாக்கி உண்டா என்று விசாரிக்க வேண்டும். வாங்கினபின் பதிவையும் இன்ஷ்யூரன்ஸையும் தாமதமின்றித் தம் பெயருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். இன்ஷ்யூரன்ஸுக்குச் சட்டம் 14 நாள் தவணை கொடுக்கிறது. விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறாத வரையில் அந்த வண்டி செய்யும் குற்றங்கள் உங்கள் வீட்டு வாசலைத்தான் தேடி வரும். அன்றியும், நஷ்டஈடு கேளாமல் ஓட்டியதற்காகக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி வண்டியைச் சேர்ந்ததல்ல, உங்களைச் சேர்ந்தது. ஐந்து வருஷம் கோராதிருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான கட்டணத்தில் பாதி வரை குறையும். விற்கும்போது அதற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக் கொண்டால் அடுத்த வண்டிக்கு உபயோகமாகும்.

மலை ஏற்றம்

1914-இல் மலைச்சாலை கட்டி முடிக்கப்படும் வரையில் கோடைக்கானலுக்கு நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமந்த நாற்காலிகளிலோதான் போக வேண்டும். இன்று வத்தலக்குண்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுகிறோம். 2024 மே 7-ஆம் தேதி முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, கோடைக்கும் நீலகிரிக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. மலைக்கும் மூச்சு முட்டும் அல்லவா? வீட்டிலிருந்தே பதிந்து கொண்டு வந்திருந்தோம்.

புளியமரங்கள் மறைந்து வாழைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் வந்தன. டம் டம் பாறையில் நின்று பார்த்தால், எதிர் மலையில் தலையாறு அருவி வெள்ளை நூல் போல் சுமார் 300 மீட்டர் தொங்குகிறது. எலிவால் அருவி என்று ஜனங்கள் அதற்கு இட்ட பெயர், பொருத்தத்தில் குறைந்ததல்ல.

ஏறும்போது எந்திரம் முனகத் தொடங்கியபின் கியரைக் குறைப்பவர்கள் அநேகர்; வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. வெப்பம் காட்டும் முள் ஏறினால் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் திறந்து கொள்ளலாம். மலைக்காற்றை விலை கொடுத்தும் வாங்க முடியாது. கோடைக்கானல் கடல் மட்டத்துக்குச் சுமார் 2,100 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். சமவெளியில் ஒழுக்குத் தெரியாத பழைய ரேடியேட்டர் மூடி, மலையில் தன் குணத்தைக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். நமது எட்டு வயது வண்டி முள் அசையாமல் ஏறிற்று. பெருமாள் மலையில் பழநிச் சாலை வந்து சேருகிறது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே பஸ்ஸை வைத்துக் கொண்டு தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடுவை அந்த முனையில் நினைத்துக் கொண்டோம். வெள்ளி நீர்வீழ்ச்சியின் சாரல் முகத்தில் பட்டது. ஊர் வந்துவிட்டது.

ஏரிக்கரையில் ஒரு கணக்கு

மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் அணை கட்டி உண்டாக்கிய ஏரியைச் சுற்றி மாலையில் நடந்தோம். நான்காவது கேள்வி அங்கேதான் எழுந்தது. நண்பர் பார்த்து வைத்திருந்த புது வண்டிக்கு எட்டு லட்சம் ரூபாய் கடன் வாங்க வேண்டும். நூற்றுக்கு ஒன்பது வட்டியில் ஏழு வருஷம் கட்டினால் மாதத் தவணை சுமார் 12,870 ரூபாய். வட்டி மட்டும் 2 லட்சத்து 81 ஆயிரம். ஐந்து வருஷத்தில் கட்டினால் தவணை 16,600 ஆகும். வட்டி 1 லட்சத்து 96 ஆயிரமாகக் குறையும். தவணை சிறியதாயிருக்கிறதே என்று நீட்டிக் கொண்டு போனால் 85 ஆயிரம் ரூபாய் காற்றில் போகிறது.

அம்மாள் கேட்டார்: "மாசத்துக்கு எத்தனை நாள் வண்டி வெளியே போகிறது?" நண்பர் யோசித்து, "எட்டு நாள் இருக்கும்" என்றார். "மீதி இருபத்திரண்டு நாள் தெருவிலே நிற்பதற்கா இத்தனை பணம்?" என்றார் அம்மாள். பேத்திக்கு இரண்டு வருஷத்தில் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஏரித் தண்ணீரை நண்பர் வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

இறக்கத்தில் கற்ற பாடம்

மூன்றாம் நாள் இறங்கினோம். டம் டம் பாறைக்குச் சற்று மேலே ஒரு வண்டி ஓரமாக நின்றது. முன் சக்கரங்களிலிருந்து புகை வந்து கொண்டிருந்தது. கருகிய நாற்றம் வளைவு முழுவதும் வீசிற்று. புது வண்டி, நமது நண்பர் வாங்க நினைத்த ஜாதியே. உள்ளே கைக்குழந்தையுடன் ஒரு பெண், இரு முதியவர்கள். ஓட்டி வந்த இளைஞர் வெளியே நின்று நடுங்கிக் கொண்டிருந்தார். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கியிருக்கிறார். மிதித்து மிதித்துக் கடைசி வளைவில் பிரேக் மிதி அடி வரை அமுங்கிவிட்டது. கைப்பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் வண்டியை முட்டி நிறுத்தியிருக்கிறார். மறு பக்கம் பார்த்தோம். கட்டைச் சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சிகள் கீழே தெரிந்தன.

முதியவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து சக்கரத்தின் மேல் ஊற்றப் போனார். பின்னால் பூண்டு மூட்டைகளுடன் வந்த லாரியின் ஓட்டுநர் குதித்து ஓடி வந்து கையைப் பிடித்தார். "ஊத்தாதீங்க, ஐயா! பழுக்கக் காய்ஞ்ச இரும்பு விரிசல் விட்டுடும். தானா ஆறணும்" என்றார். பிறகு இளைஞரின் தோளில் கை வைத்து, "தம்பி, எந்தக் கியரிலே ஏறினீங்களோ அந்தக் கியரிலேதான் இறங்கணும்" என்றார். அதட்டலும் இல்லை, பரிகாசமும் இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தில் மலைச்சாலைச் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குறைந்த கியரில் இறங்கினால் எந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் ஓய்வெடுக்கும். இக்காலத்து எந்திரங்களில், கியரில் இருக்கையில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தானாகவே நின்று போகிறது. ஆகவே நியூட்ரலில் மிச்சம் ஏதுமில்லை. எந்திரத்தை அணைத்துவிட்டு இறங்குவதோ பெரும் பேதைமை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். தானியங்கி கியர் வண்டியில் அதற்கென்றே உள்ள தாழ்ந்த கியருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். மின்சார வண்டிகள் இறக்கத்தில் பாட்டரிக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுத்துக் கொண்டே வண்டியைப் பிடிக்கும்; ஆனால் மலை மேலேயே பாட்டரியை முழுவதும் நிரப்பிக் கொண்டு புறப்பட்டால் திருப்பிக் கொடுக்க இடம் இராது. கொஞ்சம் குறைவாக நிரப்பி இறங்குவது புத்திசாலித்தனம்.

மிதி ஏன் அமுங்கிற்று? பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சிக் கொள்ளும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். இடைவிடாமல் மிதிக்கும்போது அது கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. குமிழியை அமுக்கலாம், சக்கரத்தைப் பிடிக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இந்தத் திரவத்தை மாற்றச் சொல்லுவது இதற்காகத்தான். புதிதாயிருந்தாலும் ஓயாமல் மிதித்தால் பிரேக் கட்டைகளே சூட்டில் பிடிப்பை இழந்துவிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, லாரிக்காரர் முன்னே வழிகாட்ட, இரண்டாம் கியரில் அந்தக் குடும்பம் இறங்கிற்று. அவர்கள் பின்னால் நாம் இறங்கினோம். நமது வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

வத்தலக்குண்டில் காப்பி சாப்பிடும்போது நண்பர் தாமாகவே சொன்னார்: "பழைய வண்டியே இருக்கட்டும். பிரேக் திரவத்தை ஊருக்குப் போனதும் மாற்ற வேண்டும்." அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. முறுக்குப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சர்க்கார் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு 462 பேர். அந்த ஆண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்: 64,105. எத்தனையோ விஷயங்களில் முதலிடம் பெற விரும்பும் நாம் இதில் கடைசி இடத்துக்கு ஆசைப்பட வேண்டும். அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போலீஸ் வழக்கில் சிக்கிக் கொள்வோமோ என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உதவி செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. பயமின்றி உதவலாம்.

சுயராஜ்யம் என்றால் தன்னைத் தானே ஆளுதல். சட்டசபையில் மட்டும் அது நடந்தால் போதாது. காவலர் இல்லாத நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவனும், கிராமத்து இடைவெளியில் வேகத்தைக் குறைக்கிறவனும், அன்னியன் ஒருவனுடைய குழந்தைக்காக லாரியை ஓரங்கட்டிவிட்டு ஓடி வருகிறவனுமே அதை நடத்துகிறவர்கள். லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது என்று வண்டியைக் கேட்பதில் தவறில்லை. சாலைக்கு நாம் எத்தனை கொடுக்கிறோம் என்பதையும் மோட்டார்க்காரர்கள் தங்களுக்குள் கேட்டுக் கொள்வார்களாக.